ஒன்பது இதழ்களுக்குச் சென்று திரும்பிய கதை: திருத்துவதா, அப்படியே அனுப்புவதா?

நடுச்சாமம் எழுதியது:

வணக்கம். நான் எழுதிய சிறுகதை ஒன்று மூன்று ஆண்டுகளில் ஒன்பது இதழ்களுக்குச் சென்றிருக்கிறது. ஒன்றிலும் வெளிவரவில்லை. நான்கு இதழ்களிலிருந்து "தங்கள் படைப்பைப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்ற ஒற்றை வரி வந்தது. மூன்றிலிருந்து எந்தப் பதிலும் இல்லை; ஆறு மாதம் காத்திருந்துவிட்டு நானாகவே மறுப்பு என்று குறித்துக்கொண்டேன். எட்டாவது இதழ் "நடை நன்றாக இருக்கிறது, எங்களுக்குப் பொருந்தவில்லை" என்றது. சென்ற வாரம் ஒன்பதாவது இதழிலிருந்து வந்த கடிதம்தான் என்னை இங்கே எழுத வைத்தது. "லிஃப்ட் இயக்குபவரின் கை பொத்தானுக்கு முன் நின்றுபோகும் இடத்தைப் பற்றி எங்கள் குழுவில் நீண்ட நேரம் பேசினோம். ஆனால் அந்த இடத்துக்குக் கதை வந்து சேரத் தாமதமாகிறது. வேறு படைப்பு இருந்தால் அவசியம் அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தார்கள்.

என் பிரச்சினை இதுதான். ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும் கதையில் ஏதாவது ஒன்றை மாற்றிவிடுகிறேன். முதல் மறுப்பு வந்ததும் முடிவை மாற்றினேன். மூன்றாவதற்குப் பிறகு, தன்மையில் சொல்லப்பட்டிருந்த கதையைப் படர்க்கைக்கு மாற்றினேன். ஐந்தாவதற்குப் பிறகு, பின்னணி போதவில்லையோ என்று இரண்டு பக்கம் சேர்த்தேன். இப்போது கணினியில் ஆறு வடிவங்கள் இருக்கின்றன. இவற்றுள் எது நான் எழுத நினைத்த கதை என்று எனக்கே தெரியவில்லை. மறுபடியும் திருத்த வேண்டுமா, அப்படியே பத்தாவது இதழுக்கு அனுப்ப வேண்டுமா, அல்லது இந்தக் கதையை விட்டுவிடுவதுதான் முறையா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மூன்றாம்வாசிப்பு எழுதியது:

நண்பர் நடுச்சாமத்துக்கு வணக்கம். நான் ஒரு காலாண்டிதழில் நான்கு ஆண்டுகள் கதைகளை முதலில் படித்துச் சலிக்கும் வேலையைச் செய்தவன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த ஆறு பதில்களும் ஒரே தரத்தவை அல்ல. ஒற்றை வரிக் கடிதம் எல்லோருக்கும் போவது. உங்கள் கதையைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை, நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. நாங்கள் முதல் பக்கத்திலேயே கீழே வைத்த கதைக்கும் அதே வரிதான் போகும். இரண்டு கூட்டங்களில் விவாதித்து, கடைசியில் இடமின்றி விட்ட கதைக்கும், நேரமில்லாத மாதத்தில், அதே வரிதான் போகும். எங்கள் இதழில் ஒரு முறைக்கு மூன்று கதைகளுக்குத்தான் பக்கம் உண்டு. ஆண்டுக்கு நான்கு இதழ் என்றால் மொத்தம் பன்னிரண்டு கதைகள். அவற்றில் ஒன்று மொழிபெயர்ப்பாக இருக்கும்; ஒன்றிரண்டு, முன்பே கேட்டு வாங்கியவையாக இருக்கும். முதுமையைப் பற்றிய கதை ஒன்றை ஏற்கெனவே அச்சுக்கு அனுப்பிவிட்டோம் என்றால், அடுத்த வாரம் வரும் முதுமைக் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இதழில் அதற்கு இடமிருக்காது. இந்தக் காரணங்களை ஒரு வரியிலிருந்து எழுத்தாளர் எப்படி ஊகிக்க முடியும்? ஊகிக்க முடியாததை ஊகித்துத்தான் நீங்கள் முடிவை மாற்றியிருக்கிறீர்கள், கூற்றை மாற்றியிருக்கிறீர்கள். அது வருத்தமாக இருக்கிறது.

ஒன்பதாவது கடிதம் வேறு வகை. கதையின் குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுத ஒருவர் உட்கார்ந்து பத்து நிமிடமாவது செலவழித்திருக்க வேண்டும். வேறு படைப்பு கேட்டிருப்பதும் மரியாதைக்காக அல்ல. தங்கள் வேலைச்சுமையைத் தாங்களே கூட்டிக்கொள்ளும் வாக்கியத்தை எந்த ஆசிரியர் குழுவும் வெறும் நாகரிகத்துக்காக எழுதாது. கேட்டால் அனுப்ப வேண்டும், அதுவும் நாட்கள் கடத்தாமல். ஆனால் இதே கதையைத் திருத்தி அவர்களுக்கே அனுப்பிவிடாதீர்கள்; "திருத்தி அனுப்புங்கள்" என்று அவர்கள் சொல்லவில்லை.

கதையின் தொடக்கத்தை இங்கே பகிர முடியுமா? ஓரிரு பத்திகள் போதும். முழுக்கதையையும் பொதுவெளியில் போட வேண்டாம். வலைப்பூவிலோ முகநூலிலோ முழுமையாக வந்ததைப் பல இதழ்கள் ஏற்கெனவே வெளியான படைப்பாகவே கருதுகின்றன. பிறகு இதழ்களுக்கு அனுப்பும் வழி அடைபட்டுவிடும்.

கரிக்கோல் எழுதியது:

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஒரு விஷயம் தவிர. பதிலே தராத மூன்று இதழ்களைப் பற்றி மூன்றாம்வாசிப்பு எதுவும் சொல்லாமல் கடந்துவிட்டார். ஒரு படைப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மாதம், ஓராண்டு எந்தத் தகவலும் தராமல் இருப்பது எழுதுகிறவரின் காலத்தை எடுத்துக்கொள்வதாகும். ஒரே படைப்பை ஒரே நேரத்தில் இன்னோர் இதழுக்கு அனுப்பக் கூடாது என்ற விதியையும் வைத்துக்கொண்டு மௌனமாகவும் இருப்பது நியாயமே இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் ஓர் இதழ் கேட்கலாம்.

அதனால் நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு, படைப்பின் பெயர், இதழ், அனுப்பிய தேதி, பதில் என்று எழுதி வருகிறேன். இதழே ஒரு கால அளவைச் சொல்லியிருந்தால் அது முடிந்து இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல். சொல்லாவிட்டால் மூன்று மாதம் முடிந்ததும் நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால், "இந்தப் படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புகிறேன். திரும்பப் பெறும் கடிதத்தை எழுதுவது முக்கியம். எழுதாமல் வேறிடத்துக்கு அனுப்பி, இரண்டு இதழ்களிலும் ஒரே கதை வந்துவிட்டால் பழி நம்மேல்தான் விழும். "வேறெங்கும் வெளிவரவில்லை, பரிசீலனையிலும் இல்லை" என்று உறுதிமொழி கொடுத்தவர்கள் நாம்தான். ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்கும் இதழ்களிலும், ஓரிடத்தில் ஏற்கப்பட்ட அன்றே மற்ற எல்லோருக்கும் தெரிவிப்பதுதான் முறை.

இதழ்களின் பக்கத்திலும் சுமை கூடியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அறிவியல் புனைகதைகளை வெளியிடும் கிளார்க்ஸ்வேர்ல்டு இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் குவிந்ததால் 2023 பிப்ரவரி 20 அன்று படைப்புகள் பெறுவதையே தற்காலிகமாக நிறுத்தியது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் அப்படிப்பட்டவை ஐந்நூறு வந்திருந்தன. படிக்க ஆளில்லாமல் திணறும் சிறிய குழுக்களின் நிலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒற்றை வரிப் பதிலைத் தானாக அனுப்ப வைப்பது அவ்வளவு கடினமான காரியம் அல்ல.

ஈரமண் எழுதியது:

நான் கவிதை எழுதுகிறவள். எல்லோரும் கதையைப் பற்றியும் இதழைப் பற்றியும் பேசிவிட்டார்கள். நான் கடிதம் வரும் அந்த நாளைப் பற்றிப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் நடுச்சாமம் செய்த திருத்தங்கள் எல்லாம் அந்த நாளில்தான் தொடங்கியிருக்கும் என்று தோன்றுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், அலுவலகத்தில் வேலைக்கு நடுவே கைப்பேசியில் மறுப்புக் கடிதத்தைத் திறந்து படித்தேன். பதினொரு மாதம் காத்திருந்த தொகுப்பு அது. படித்து முடித்ததும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அழவில்லை. படியின் விளிம்பில் பதித்திருந்த ரப்பர் பட்டையை நகத்தால் பெயர்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்தபோது ஒரு சாண் நீளம் பெயர்ந்து வந்திருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அந்தக் கவிதைகளில் ஏழைத் திருத்தினேன். மறுநாள் காலையில் படித்துப் பார்த்தபோது ஏழும் செத்துக் கிடந்தன. என் தவிப்பைத் தணிக்கவே அவற்றைத் திருத்தியிருக்கிறேன். கவிதைக்கு அது தேவைப்படவே இல்லை.

இன்னொரு முறை, இதைவிட மோசமாக, ஆசிரியருக்குப் பதில் எழுதிவிட்டேன். என் கவிதை அவருக்குப் புரியவில்லை என்பதை மூன்று பத்திகளில் விளக்கியிருந்தேன். அவர் பதில் எழுதவில்லை. ஓராண்டு கழித்து, "அன்று நான் எழுதியது தவறு, வருந்துகிறேன்" என்று ஒரு வரி அனுப்பினேன். அதற்கு உடனே, "மறந்துவிட்டேன், புதிதாக எழுதியிருந்தால் அனுப்புங்கள்" என்று வந்தது. அந்த ஓராண்டு முழுக்க அந்த இதழின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் கூசிக்கொண்டிருந்தவள் நான் மட்டும்தான்.

இப்போது எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. மறுப்பு வந்தால் அந்தப் படைப்பின் கோப்பை ஒரு மாதம் திறப்பதில்லை. வருத்தப்படத் தடையில்லை, வேண்டிய அளவு வருத்தப்படலாம். ஆனால் வருத்தம் இருக்கும்வரை பேனா அந்தக் கவிதையைத் தொடக் கூடாது.

நடுச்சாமம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஈரமண் அவர்கள் எழுதியதைப் படித்தபோது யாரோ என்னைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததைப் போல இருந்தது. முதல் மறுப்பு வந்த இரவே முடிவை மாற்றினேன் என்பது உண்மை.

இப்போதைய வடிவத்தின் தொடக்கம் இது:

"அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் நகரத்தின் மிகப் பழைய உயர்ந்த கட்டடங்களுள் ஒன்று. அதில் இரண்டு லிஃப்டுகள் இருந்தன. இடப்பக்கத்து லிஃப்டில் அவர் முப்பத்தொரு ஆண்டுகளாக வேலை பார்த்தார். பித்தளைக் கைப்பிடி, மடக்குக் கதவு, மூலையில் ஒரு முக்காலி. காலம் மாறிக்கொண்டிருந்தது. எல்லா இடங்களிலும் தானியங்கி லிஃப்டுகள் வந்துவிட்டன."

இப்படியே இரண்டு பக்கம் போகிறது. புதிய லிஃப்ட் பொருத்தப்பட்ட நாள் மூன்றாம் பக்கத்தில் வருகிறது:

"ஏழாம் மாடிக்குப் போக வேண்டிய பையன் உள்ளே வந்தான். அவர் கை பொத்தானை நோக்கி நீண்டது. அதற்குள் பையன் தானே அழுத்திவிட்டான். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் சட்டைப் பையிலிருந்த சீப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தன் வாழ்க்கையே முடிந்துவிட்டது என்பதை அந்தக் கணத்தில் அவர் உணர்ந்தார்."

மூன்றாம்வாசிப்பு எழுதியது:

பகிர்ந்ததற்கு நன்றி. அந்தக் குழு ஏன் அதைப் பற்றி நீண்ட நேரம் பேசியது என்று இப்போது தெரிகிறது. சீப்பைத் தொட்டுப் பார்க்கும் இடம் நிஜமாகவே கண்டு எழுதியது. அதை வாசித்த பிறகு அடுத்த வாக்கியத்துக்குத் தேவையே இல்லை. கை போய்ச் சேர இடமில்லாமல் சீப்பைத் தொடுவதிலேயே வாழ்க்கை முடிந்துபோனது வந்துவிட்டது. அதை மறுபடியும் சொல்லும்போது வாசகரின் கையிலிருந்து அதைப் பிடுங்கி நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிடலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தொடக்கத்தைப் பற்றிச் சொல்வது சற்றுக் கடினம். "காலம் மாறிக்கொண்டிருந்தது" என்ற வாக்கியம் எந்தக் கதையிலும் பொருந்தும். அதனாலேயே அது இந்தக் கதைக்கு எதையும் தரவில்லை. ஆனால் பித்தளைக் கைப்பிடி, முக்காலி இரண்டும் உங்கள் கதைக்கே உரியவை. முதற்சுற்றில் படிப்பவருக்கு ஒரு நாளில் பதினைந்து கதைகள் இருக்கும். கட்டடத்தின் வரலாற்றோடு தொடங்கும் கதையை அவர் வெறுப்பதில்லை, ஆனால் அதில் யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று இரண்டாம் பக்கம்வரை தெரியாவிட்டால் அவருடைய கவனம் தளர்கிறது. அந்தத் தளர்வைத்தான் "தாமதமாகிறது" என்ற சொல் குறிக்கிறது என்று நினைக்கிறேன்.

பழையஏடு எழுதியது:

நான் மாறுபட்டு ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். முதற்சுற்றில் படிப்பவரின் களைப்பை அளவுகோலாக வைத்து நாம் எழுதத் தொடங்கினால், எல்லாக் கதைகளும் முதல் வரியிலேயே யாரோ கையை நீட்டுவதாகத் தொடங்கும். மெதுவாகத் தொடங்குவது எல்லா இடத்திலும் குறை ஆகாது. 1912இல் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட்டின் நீண்ட நாவலின் முதல் தொகுதியை மறுத்த பதிப்பகத்தில் நாவலாசிரியர் ஆந்த்ரே ழீத் இருந்தார். இலக்கியம் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. ப்ரூஸ்ட் 1913இல் தன் சொந்தச் செலவில் வேறு பதிப்பகத்தின் வழியாக அதை வெளியிட்டார். 1914 ஜனவரியில் ழீத் அவருக்குக் கடிதம் எழுதி, மறுத்தது பெரும் பிழை என்று ஒப்புக்கொண்டார். பின்னர் அதே பதிப்பகமே அடுத்த தொகுதியை வெளியிட, 1919இல் அதற்குப் பிரான்சின் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான கோன்கூர் கிடைத்தது.

இதைச் சொல்வது, மறுக்கப்பட்ட எல்லோரும் ப்ரூஸ்ட் என்று ஆறுதல் கொள்வதற்காக அல்ல. அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்காது. மறுக்கப்பட்ட கதைகளில் பெரும்பாலானவை, என்னுடையவை உட்பட, மறுக்கப்பட வேண்டியவையாகவே இருந்தன. மிகச் சிறந்த வாசகரும் ஒரு நாளில், ஒரு மனநிலையில்தான் படிக்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன். படைப்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தே மறுப்பதும் உண்டு. 1944 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' என்ற உருவகக் கதையை மறுத்து, ஒரு பதிப்பகத்தின் சார்பில் கவிஞர் டி. எஸ். எலியட் எழுதிய கடிதத்தில் எழுத்தின் தரத்தைப் பாராட்டினார். அந்த நேரத்தில் அரசியலை விமர்சிக்க அது சரியான பார்வை அல்ல என்பதே அவருடைய தடை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வேறொரு பதிப்பகம் அதை வெளியிட்டது. அந்தக் கடிதத்தைப் பார்த்து, கதையில் பண்ணையை ஆளும் பன்றிகளை ஆர்வெல் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்று, படைப்புக்கேற்ற இதழ் என்று ஒன்று உண்டு. புதுக்கவிதையைக் கவிதை என்றே பலர் ஏற்காதிருந்த காலத்தில் 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 119 இதழ்களோடு அது நின்றுபோனது. ஆனால் அந்தக் கவிதைகளுக்கு வேறெங்கும் கிடைக்காத இடம் அங்கே கிடைத்தது. நடுச்சாமம் அனுப்பிய ஒன்பது இதழ்களில் எத்தனையை அவர் ஓராண்டாவது தொடர்ந்து படித்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இருபது வயதில் எந்த இதழையும் படிக்காமலேயே எல்லா இதழ்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம்வாசிப்பு எழுதியது:

பழையஏடு சொல்வதை ஏற்கிறேன். அதனால்தான் வரலாறு வேண்டாம் என்று சொல்லாமல் தயங்கினேன். ஒரு கருத்து தனி ஒருவரிடமிருந்து வந்தால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் தவறாக இருக்கும். அதை எழுதியவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடுச்சாமம், ஒரு கேள்வி. முதல் வடிவம், அதாவது முதல் இதழுக்கு அனுப்பியது, இன்னும் உங்களிடம் இருக்கிறதா?

நடுச்சாமம் எழுதியது:

பழையஏடு ஐயா, ஒன்பதில் இரண்டைத்தான் தொடர்ந்து படித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுதான் ஒன்பதாவது கடிதத்தை எழுதிய இதழ்.

மூன்றாம்வாசிப்பின் கேள்விக்குப் பிறகு முதல் வடிவத்தைத் தேடி எடுத்தேன். மூன்று ஆண்டுகளாக அதைத் திறக்கவே இல்லை. அது இப்படித் தொடங்குகிறது:

"பையன் எனக்கு முன்னால் ஏழை அழுத்திவிட்டான். நீட்டிய கையை எங்கே வைப்பது? பையில் சீப்பு இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டேன். மாடி எண்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. முப்பத்தொரு வருஷத்தில் அந்த எண்களை ஒரு பயணியைப் போல அண்ணாந்து பார்த்தது அன்றுதான்."

கட்டடத்தின் வரலாறு இல்லை. காலம் மாறியது என்ற வாக்கியம் இல்லை. வாழ்க்கை முடிந்தது என்ற வாக்கியமும் இல்லை. அந்த இரண்டு பக்கங்களையும் நான் ஐந்தாவது மறுப்புக்குப் பிறகு சேர்த்திருக்கிறேன். அந்த ஐந்தில் எந்தக் கடிதமும் பின்னணி போதவில்லை என்று சொல்லவில்லை. ஒன்பதாவது இதழ் சுட்டிக்காட்டிய குறையை நானே, யாரும் கேட்காமல், கதைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இதைக் கண்டதும் நேற்று இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

முதல் வடிவம் குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். அதன் முடிவு உண்மையிலேயே பலவீனமாக இருக்கிறது. அவர் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று கட்டடத்தைத் திரும்பிப் பார்க்கிறார். யாரும் எழுதக்கூடிய முடிவு. முதல் மறுப்பு வந்த இரவில் நான் மாற்றிய முடிவு, அதாவது அவர் படிகளில் ஏறி ஏழாம் மாடிக்குப் போய் அந்தப் பையனின் வீட்டுக் கதவைத் தட்டாமல் திரும்புவது, அதைவிட நன்றாக இருக்கிறது. ஈரமண் அவர்களின் கட்டுப்பாட்டை மீறி அந்த இரவில் செய்தவற்றுள் அது ஒன்று மட்டும் சரியாக அமைந்துவிட்டது.

ஈரமண் எழுதியது:

அப்படியானால் அந்த முடிவை வைத்துக்கொள்ளுங்கள். என் ஏழு கவிதைகளிலும் ஒரே ஒரு வரி தப்பித்தது. தவிப்பில் எழுதியது என்பதற்காக அதையும் தூக்கிப் போடவில்லை.

கரிக்கோல் எழுதியது:

இரண்டையும் சேர்க்கும்போது கூற்று மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவைத் திருத்திய வடிவம் தன்மையிலா படர்க்கையிலா? படர்க்கைக்கு மாற்றியது மூன்றாவது மறுப்புக்குப் பிறகு என்று சொல்லியிருந்தீர்கள். அப்படியென்றால் இரண்டாம் வடிவத்தில் தன்மையில் எழுதிய முடிவு இருக்க வேண்டும். இருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் பெயரோடு தேதியையும் சேர்த்து வையுங்கள். "கடைசி", "உண்மையான கடைசி" என்று பெயர் வைத்தால் ஓராண்டு கழித்து எதுவும் விளங்காது.

நடுச்சாமம் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள், இரண்டாம் வடிவத்தில் அந்த முடிவு தன்மையிலேயே இருந்தது. இரண்டையும் சேர்த்து உரக்கப் படித்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு இடங்களில் மட்டும் தைத்தது தெரிகிறது. அதை இப்போது தொடாமல் ஒரு மாதம் மூடி வைக்கப் போகிறேன்.

அதற்கிடையில், வேறு படைப்பு கேட்ட இதழுக்கு, கடந்த ஆண்டு எழுதி இதுவரை எங்கும் அனுப்பாத ஒரு கதையை இன்று காலை அனுப்பிவிட்டேன். மின்னஞ்சலில் நான்கே வரிகள்: அவர்களுடைய கடிதத்துக்கு நன்றி, கதையின் பெயர், சொல் எண்ணிக்கை, வழக்கமான உறுதிமொழி. கதை எதைப் பற்றியது என்று விளக்கவில்லை. பழைய கதையை என்ன செய்தேன் என்றும் எழுதவில்லை. கரிக்கோல் சொன்னபடி ஒரு நோட்டு வாங்கி நான்கு பத்தி போட்டு, பழைய ஒன்பதையும் முதலில் எழுதினேன். மூன்று இடங்களில் அனுப்பிய தேதி நினைவில்லை, மின்னஞ்சலில் தேடி நிரப்ப வேண்டும். பத்தாவது வரியில் புதிய கதையின் பெயர் இருக்கிறது.